நைனாவுக்கு ஒரு கையில்லா ஸ்வெட்டர்

"கை வோணாம்மா. கை இருந்தா வலையில மாட்டிக்கும்" என்றார் நைனா. முழுக்கை ஸ்வெட்டர் போடலாம் என்று நான் வைத்திருந்த திட்டம் அந்த ஒரு வார்த்தையில் மாறியது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பதுதான் அவருக்கு வேலை. கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. படகு கரைசேரும் நேரத்தில் அங்கே இருந்தால்தான் கிழிந்த வலை கைக்கு வரும் என்று விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். மார்கழியில் சென்னைக் குளிர் என்பது 20 டிகிரிக்குப் பக்கம்தான். ஆனால் ஈரத் தரையில் உட்கார்ந்து, முதுகில் கடற்காற்று அடிக்க, கை மட்டும் ஓயாமல் வேலை செய்யும் 68 வயது மனிதருக்கு அது போதும். சால்வை போர்த்தினால் நழுவி விழுகிறது. கடையில் வாங்கிய முழுக்கை ஸ்வெட்டரில் மணிக்கட்டுப் பட்டி முழுக்க மீன் செதில். ஆகவே மார்பும் முதுகும் மூடி, கையை விட்டுவிடும் ஸ்வெட்டர்.

ஒற்றைக் கொக்கியால் நூலை வளையம் வளையமாகப் பின்னும் குரோஷாவை நான் கற்றது பள்ளியில், தையல் வகுப்பில். டேபிள் விரிப்பு, டிவி மேல் போடும் லேஸ், குழந்தைத் தொப்பி இதெல்லாம் நிறையப் போட்டிருக்கிறேன். உடம்புக்கு அளவாக உட்கார வேண்டிய ஒன்றை, அதுவும் மேடு பள்ளம் வைத்த பின்னலில், இதற்கு முன்னால் போட்டதில்லை. விரிப்பு ஒரு அங்குலம் குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டை அப்படி இல்லை.

நூல் வாங்க மண்ணடி மெட்ரோவில் இறங்கி சௌகார்பேட்டைக்கு நடந்தேன். கம்பளி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் அவர் கழற்றி வைக்க வேண்டியிருக்கும், வியர்வையில் கம்பளி உறுத்தும். அக்ரிலிக் விலை குறைவு, துவைக்கச் சுலபம், ஆனால் நம் ஊர் வெக்கையில் அது காற்றே விடாது. இஸ்திரிப் பெட்டி சூடாகப் பட்டால் இளகித் தளர்ந்துவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. பருத்திதான். 8 பிளை (நூலின் தடிமன்), நேவி ப்ளூ, 50 கிராம் பந்து 10. மொத்தம் 500 கிராம். கொக்கி 4 மில்லிமீட்டர். இந்த 500 கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது என்னை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வலை வேலை குவியும். அந்த நாட்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது நூலையும் எடுத்துப் போய் அவர் பக்கத்து நிழலில் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன்.

முதலில் ஆசைப்பட்டது குமிழ் குமிழாக வரும் பாபிள் தையல். ஒரே கண்ணியில் ஐந்து டபுளைப் (நூலைக் கொக்கியில் ஒரு சுற்று சுற்றிப் போடும் உயரமான தையல்) பாதி பாதி முடித்து வைத்து, கடைசியில் ஒன்றாக இழுத்துக் கட்டினால் பட்டாணி மாதிரி புடைத்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு துண்டு போட்டு நைனா மடியில் வைத்தேன். அவர் பேசவில்லை. கையிலிருந்த வலையை அதன் மேல் இழுத்தார். நைலான் முடிச்சு ஒவ்வொரு குமிழிலும் தடுக்கி, ஒன்று இழைபிரிந்து வெளியே வந்தது. துண்டைப் பிரித்துப் பந்தில் சுற்றிவிட்டேன். யார் போடப் போகிறார், போட்டுக்கொண்டு என்ன வேலை செய்யப் போகிறார் என்று பார்க்காமல் தையலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை அந்த ஒரு இழுப்பில் கற்றேன். காற்று போகும் ஓட்டை வைத்த பின்னலும் இவருக்கு ஆகாது. மேடு இருக்க வேண்டும், ஆனால் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் வாஃபிள் தையல். சின்னச் சின்னச் சதுரப் பள்ளம், சுற்றிலும் வரப்பு. அந்தப் பள்ளத்தில் காற்று தங்குவதால் உடம்புக்குச் சூடும் இருக்கும்.

இதன் உயிர் ஃப்ரண்ட் போஸ்ட் டபுள் என்ற ஒரே தையலில் இருக்கிறது. வழக்கமான டபுளுக்குக் கீழ்வரிக் கண்ணியின் தலையில் கொக்கியை விடுவோம். இதற்குத் தலையைத் தொடாமல், கழுத்துக்குக் கீழே இருக்கும் தண்டை முன்பக்கமிருந்து கட்டிப் பிடிக்க வேண்டும். நூலைக் கொக்கியில் ஒரு சுற்று சுற்றி, தண்டுக்கு வலப்பக்கம் உள்ளே விட்டு, பின்னால் போய், இடப்பக்கம் வெளியே எடுத்து, நூலை உயர இழுத்து, பிறகு இரண்டிரண்டாக முடிப்பது. அந்த 'உயர' முக்கியம். இழுப்பது குட்டையானால் வரி சுருங்கித் துணி அட்டை போல விறைக்கும்.

மொத்தக் கண்ணி மூன்றால் வகுபட வேண்டும். முதல் வரி முழுக்கச் சாதா டபுள். அடுத்த வரி: ஆரம்பத்தில் இரண்டு செயின் (வெறும் சங்கிலி வளையம்), அது ஒரு கண்ணிக்குச் சமம். பிறகு ஒரு போஸ்ட், இரண்டு சாதா, ஒரு போஸ்ட், இரண்டு சாதா என்று போய், கடைசியில் ஒரு போஸ்டும் ஓரத்துக்கு ஒரு சாதாவும். மூன்றாவது வரி அதைத் திருப்பியது: செயின், ஒரு சாதா, இரண்டு போஸ்ட், ஒரு சாதா, இரண்டு போஸ்ட் என்று போய், கடைசியில் இரண்டு சாதா. இந்த இரண்டு வரியும் மாறி மாறி வரும். நாலைந்து வரி வரை ஒன்றுமே தெரியாது. ஆறாவது வரியில் திடீரென்று சதுரம் எழும்பும். அதுவரை பொறுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் பள்ளியில் கற்றது பிரிட்டிஷ் பெயர்கள், போனில் பார்க்கும் வீடியோ பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்காவின் சிங்கிள் என்ற குட்டைத் தையல் பிரிட்டிஷில் டபுள். அமெரிக்காவின் டபுள் பிரிட்டிஷில் ட்ரெபிள். எந்த ஊர்க் கணக்கு என்று பார்க்காமல் போட்டால் உயரமே மாறிவிடும். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்.

இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வரும் என்று பார்க்க மாதிரித் துண்டு போட்டேன், போடாமல் இல்லை. ஆனால் சாதா டபுளில் போட்டேன். 4 அங்குலத்துக்கு 16 கண்ணி வந்தது. நைனாவின் மார்புச் சுற்றளவு 38. உள்ளே சட்டை போட இடம் விட்டு 42. முன்பக்கம் 21, பின்பக்கம் 21. அங்குலத்துக்கு 4 கண்ணி என்றால் 84. மூன்றாலும் வகுபடுகிறது, நல்ல சகுனம் என்று செயின் போட்டு ஆரம்பித்துவிட்டேன்.

பத்து அங்குலம் ஏறிய பிறகு ஒரு மதியம், அவர் வலை மேல் குனிந்திருக்கும்போது பின்பக்கமாகப் போய் முதுகில் வைத்துப் பார்த்தேன். விலா வரைக்கும் எட்டவில்லை. டேப்பை எடுத்து அளந்தால் பதினெட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 37 சொச்சம், அவர் மார்பை விடக் குறைவு. வலிக்க வலிக்கப் போட்ட பத்து அங்குலம். போஸ்ட் தையல் தண்டைக் கட்டிப் பிடிப்பதால் அக்கம்பக்கத்துக் கண்ணிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாஃபிளில் என் கைக்கு 4 அங்குலத்துக்கு 18 கண்ணி. 4 அங்குலத்தில் இரண்டே கண்ணி வித்தியாசம், 21 அங்குலத்தில் அது பத்துக்கு மேல் போய்விடுகிறது.

நைனா அன்று தன் கையிலிருந்த தட்டையான துண்டைக் காட்டினார். வலை பின்னும்போது ஒவ்வொரு கண்ணியையும் அதன் மேல் சுற்றித்தான் முடிச்சுப் போடுவார்கள், கண் அளவு மாறாமல் இருக்க. "எந்தக் கண்ணுக்கு வலை பின்றியோ அந்தக் கண்ணுலதான் அளவு பாக்கணும். வேற கண்ணுல பாத்துட்டு இதுக்கு வர்லன்னா எப்டி?" குரோஷாவுக்கு இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிரித்தேன். பிரித்த நூல் நூடுல்ஸ் போல நெளிந்திருக்கும், அப்படியே திரும்பப் போட்டால் கண்ணி ஒழுங்காக உட்காராது. ஸ்டூலைக் கவிழ்த்து, நான்கு காலிலும் நூலைச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் முக்கி, நிழலில் தொங்கவிட்டேன். காய்ந்ததும் நேராகிவிட்டது.

அடுத்து உண்மையான மாதிரித் துண்டு. வாஃபிளிலேயே, 6 அங்குலச் சதுரம். நாலு அங்குலத்துக்குச் சின்னத் துண்டு போட்டால் ஓரம் அளவைக் கெடுக்கும், பெரிதாகப் போட்டு நடுவில் அளக்க வேண்டும். அதைத் துவைத்தேன். காய்ந்ததும் மேல் ஓரத்தைக் கிளிப்பில் மாட்டி, கீழே இரண்டு கிளிப்பும் ஒரு பூட்டும் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் 6 அங்குலம் ஆறரை ஆகியிருந்தது. பருத்திக்குக் கம்பளி மாதிரி சுருண்டு மீளும் குணம் கிடையாது. முக்கால் கிலோ ஸ்வெட்டர் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். 24 அங்குல உயரம் வேண்டுமென்றால் 22 போட்டு நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பூட்டு சொன்ன கணக்கு.

அதே துண்டையும் பழைய சாதா துண்டிலிருந்து அதே அளவையும் தெரு முனைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சாதா 20 கிராம், வாஃபிள் 29. அப்போதுதான் 500 கிராம் போதாது என்று உறைத்தது. திரும்பச் சௌகார்பேட்டை. அதே கம்பெனி, அதே நிற எண், ஆனால் லேபிளில் இருந்த சாய எண் (எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று காட்டுவது) வேறு. கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தால் புதுசு ஒரு சாயல் கறுப்பு. பழைய சாயத்தில் ஒரு பந்துகூட மிச்சமில்லை. 5 பந்து வாங்கிக்கொண்டேன். கீழ்ப்பட்டி, கழுத்துப்பட்டி, கைப்பட்டி எல்லாம் புது நூலில். அது வேண்டுமென்றே வைத்த கரை போல அமைந்தது. முன்பக்கத்தின் கடைசி நாலைந்து அங்குலத்துக்கு மட்டும் பழையது தீர்ந்துவிடும் போலிருந்ததால், பழையதில் இரண்டு வரி, புதியதில் இரண்டு வரி என்று கலந்தேன். எங்கே மாறியது என்று இன்றைக்கு எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும், முதலிலேயே மாதிரித் துண்டை நிறுத்துப் பார்த்து, ஒரே சாயத்தில் இரண்டு பந்து கூடவே வாங்கிவிடுவதுதான் சரி.

இந்த முறை 96 கண்ணி. கிட்டத்தட்ட 21 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. முதலில் 3 அங்குலக் கீழ்ப்பட்டி. இதைக் குறுக்கே போட வேண்டும்: நீளவாக்கில் ஒரு நாடா போலச் சிங்கிள், கண்ணியின் இரண்டு இழையில் பின் இழையை மட்டும் எடுத்து. வரிவரியாக மடிந்து ரிப் போல இழுபடும். பருத்தி ரிப் சீக்கிரம் தொளதொளத்துவிடும் என்பதால் பட்டிக்கு மட்டும் 3.5 கொக்கி. பட்டியின் ஓரத்தில் 96 கண்ணி எடுத்து மேலே 10 அங்குலம் வாஃபிள்.

கத்திரி வெயில் வந்ததும் என் கை எனக்கே எதிரியானது. வியர்த்த விரலில் நூல் ஒட்டும், அலுமினியக் கொக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், கண்ணி இறுகும். மதியம் போட்ட வரிகளைக் காலையில் போட்டவற்றோடு வைத்துப் பார்த்தால் சதுரம் சின்னதாக இருந்தது. அதற்கப்புறம் மதியத்தில் போடுவதையே விட்டேன். காலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும், கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு. பத்து வரிக்கு ஒருமுறை அகலம் அளப்பேன். போஸ்ட் தையல் மணிக்கட்டை வாங்கிவிடும். கொக்கியின் பிடியில் பழைய காட்டன் துணியைச் சுற்றித் தடிமனாக்கிய பிறகுதான் வலி குறைந்தது. வலியோடு போட்ட வரியை அளவு காட்டிக்கொடுத்துவிடும், பிரிக்க வேண்டிவரும்.

கைவளைவுதான் எல்லோரும் தடுமாறும் இடம். நைனாவின் தோள் அகலம் 17. பட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் வரும், ஆகவே பின்னல் 15க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 15 கண்ணி குறைத்தேன்: முதலில் 9 கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஆறு வரியில் வரிக்கு ஒன்று. மிச்சம் 66. கண்ணி குறையும்போது 'ஒரு போஸ்ட், இரண்டு சாதா' என்ற எண்ணிக்கை ஓரத்தில் உடைந்துபோகும். எண்ணிக்கொண்டிருந்தால் சதுரம் ஒரு கண்ணி நகர்ந்துவிடும், நான்கு வரி கழித்துத்தான் தெரியும். எண்ணுவதை விட்டுவிட்டு, கீழே நிற்கும் வரப்பைப் பார்த்து அதன் மேல் வரப்பை ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு வரப்புக்கு வெள்ளை நூலால் அடையாளம் கட்டி வைத்தால், அதிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணால் பிடித்துப் போகலாம்.

வளைவிலிருந்து தோள் வரை 9 அங்குலம், எனக்கு அது 22 வரி. முன்பக்கத்தில் வி கழுத்தும் அங்கேயே ஆரம்பம். 66ஐ இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 33. தோளுக்கு 20 வேண்டும், கழுத்துக்கு 13 குறைய வேண்டும். முதல் நான்கு வரியில் வரிக்கு ஒன்று, பிறகு ஒரு வரி விட்டு ஒரு வரி 9 தடவை. சரியாக 22 வரியில் 13. இந்தக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி, போட்ட வரியை அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கத்தைச் சில நாள் கழித்துப் போடும்போது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

நூல் பந்து மாறும் இடத்தில் நைனாவுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். வலையில் போடும் முடிச்சும் தறியில் அறுந்த இழையை இணைக்கும் நெசவாளர் முடிச்சும் ஒரே கட்டுத்தான். அதைப் போட்டால் அவிழாது என்றார். போட்டுப் பார்த்தேன், அவிழவில்லை. ஆனால் நடுவில் வந்த முடிச்சு மிளகு போல முதுகில் உறுத்தும். ஓரத்தில், தைக்கும் மடிப்புக்குள் மறைகிற இடத்தில் மட்டும் அவர் முடிச்சு. நடுவில் தீர்ந்தால் மூன்று அங்குல வாலை ஒரு திசையில் கோத்து, திரும்ப எதிர்த் திசையில் கோத்து விட்டேன். பருத்தி வழுக்கும், ஒரே திசையில் கோத்தால் துவைக்கத் துவைக்க வால் வெளியே வரும்.

தைத்து முடித்த பிறகு தோளில் ஒரு வேலை செய்தேன். வலையைத் தோளில் போட்டு நடக்கிறவர், அந்த மடிப்பு இழுபட்டால் கைவளைவு முழங்கை வரைக்கும் இறங்கிவிடும். துவைத்துச் சுருங்க வைத்த பாவாடை நாடாவை, ஒரு தோள் முனையிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் முனை வரைக்கும் உள்பக்கமாக வைத்துக் கையால் தைத்தேன். பருத்தியில் போடும் எந்த ஸ்வெட்டருக்கும் இதைச் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை.

முதல் துவைப்பில் நீலம் கரைந்து வந்தது. தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசினேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதனால் கடைசி அலசல் மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில். முறுக்கிப் பிழியவில்லை. துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்து, மொட்டைமாடி நிழலில் கோரைப்பாய் மேல் படுக்கப் போட்டு, அளவுக்கு இழுத்து, ஓரத்தை ஊக்கால் பாயோடு குத்தினேன். துருப்பிடிக்காத எவர்சில்வர் ஊக்கு மட்டும். கடற்காற்றுக்குச் சாதா ஊக்கு ஒரே ராத்திரியில் ஈரத் துணியில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும், போகாது. கொடியில் மட்டும் காயப் போடவே கூடாது.

ஏப்ரலில் தொடங்கியது ஐப்பசியில் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "ஐந்நூறு ரூபாய் தரேன், எனக்கும் ஒண்ணு" என்றார். இரண்டு கம்பியால் பின்னும் ஸ்வெட்டரை மெஷினும் பின்னும், ஆனால் கடைக்கு வரும் அளவுக்கு அசல் குரோஷாவைப் பின்னும் மெஷின் இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கடையில் தொங்கும் அசல் குரோஷா சட்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டதுதான். அவரிடம் இதைச் சொன்னேன். விலை பேசவில்லை.

மார்கழி முழுக்க நைனா போட்டுக்கொண்டார். முதல் நாள் போட்டுப் பார்த்துவிட்டு, நெஞ்சில் இருந்த சதுரத்தை விரலால் தடவி, "வலை மாரி கீது" என்று மட்டும் சொன்னார். தையில் அளந்தேன், 24 அங்குலத்தில் நிற்கிறது.

இடது விலாப் பக்கம் ஒரு கண்ணி வலையில் மாட்டி இழுபட்டு வளையமாகத் தொங்கியது. இப்படி வந்தால் வெட்டக் கூடாது. மெல்லிய கொக்கி நுனியால் பக்கத்துக் கண்ணி, அதற்கடுத்த கண்ணி என்று அந்தத் தளர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு கண்ணிக்குள் அது காணாமல் போகும். என்றைக்காவது அறுந்தே போனால் ஒட்டுப் போட முக்கால் பந்து நூல் மிச்சம் வைத்திருக்கிறேன். அதைச் சின்னக் கண்டாகக் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதே வாளியில் சேர்த்துத் துவைத்துக் காய வைக்கிறேன், இரண்டும் ஒன்றாகவே வெளுக்கட்டும் என்று.